துணையின்றிப் பாடும் பெண்குரலுக்குக் கெல்டிக் சோகப் பாடல்கள்: தேர்வு செய்த அனுபவம்

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்ஸின் பிரிட்டனி ஆகிய பகுதிகளின் கெல்டிக் பாடல் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது, ஒலிப்பதிவுக் கூடத்தில் எதிரொலி கூட்டப்பட்டு, யாழும் கீபோர்டும் பின்னால் மெல்லப் பரவ, அவற்றின் நடுவே மிதந்து வரும் ஒரு பெண்குரல்தான். அத்தகைய பதிவுகளை நானும் விரும்பிக் கேட்பவள். ஆயினும், பக்கவாத்தியமும் ஒலிவாங்கியும் இல்லாமல் ஓர் அறையில் நின்று தனியாகப் பாட வேண்டியவர் தம் பாடல்களை அந்தப் பதிவுகளிலிருந்து பொறுக்கி எடுத்தால், அவற்றில் பாதி முதல் இரண்டு அடிகளிலேயே சரிந்துவிடும். மனத்தைப் பிசைந்தது பாட்டா, எதிரொலியா என்பது வாத்தியங்களை விலக்கிய பிறகுதான் தெரிய வருகிறது.

வேலை நிமித்தமாக அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வேயில் குடியேறிய பிறகு, அங்குள்ள பாடகர்களின் கூடுகைகளுக்குப் போய்க் கேட்கத் தொடங்கி, மெல்ல மெல்லப் பாடவும் தொடங்கினேன். சிறுவயதில் வர்ணம் வரை கற்ற கர்நாடக சங்கீதம் தவிர வேறு இசைப் பயிற்சி எனக்கு இல்லை. இறந்தோரை நினைவுகூரும் மாதமாக அங்கே நவம்பர் கருதப்படுகிறது. அந்த மாதத்து மாலை ஒன்றில், நகருக்கு வெளியே உள்ள சிறிய தேவாலயத்தில் அரைமணி நேரம் தனியாகப் பாட முடியுமா என்று கேட்டார்கள். கேட்பவர் உள்ளத்தை விட்டு எளிதில் அகலாத பாடல்களாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர்களுடைய நிபந்தனை. அந்த அரைமணிக்காகத் தேடியபோதும் அதன் பின்னரும் எனக்குப் புலப்பட்டவற்றை, இதே தேடலில் இருக்கும் பிறருக்கு உதவக்கூடும் என்று எழுதுகிறேன்.

துணைக்கருவி இல்லாமல் பாடுவது அயர்லாந்தில் வசதிக்குறைவால் வந்த வழக்கம் அன்று. 'ஷான் நோஸ்', அதாவது பழைய முறை, என்று அழைக்கப்படும் ஐரிஷ் மொழிப் பாடல் மரபு அடிப்படையிலேயே ஒற்றைக் குரலுக்கானது. கால்வேக்கு மேற்கே உள்ள கானமாராவைச் சேர்ந்த ஜோ ஹீனியும், கார்க் மாவட்டத்தின் எலிசபெத் க்ரோனினும் போன்றவர்கள் விட்டுச்சென்ற பதிவுகளைக் கேட்டால், அந்தப் பாடல்களில் வாத்தியம் நுழைய இடமே இல்லை என்பது விளங்கும். தாளம் ஓர் அடியில் நீளும், அடுத்த அடியில் சுருங்கும். சொல் எங்கே கனக்கிறதோ அங்கே பாட்டு நிற்கும். ஆகவே, பாடல் தேடுபவர் முதலில் இத்தகைய பதிவுகளிடம் போக வேண்டும் என்பதே என் கருத்து. ஸ்காட்லாந்துப் பாடல்களுக்கு 'தோபர் அன் டூவல்கஷ்' என்ற இணையக் காப்பகம் இருக்கிறது. 1951-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஸ்காட்டிஷ் ஆய்வுப்பள்ளி, வீடுவீடாகச் சென்று பதிவு செய்த குரல்களை அங்கே இலவசமாகக் கேட்கலாம். அடுப்படியில் உட்கார்ந்து பாடிய பாட்டிமார்களின் குரல்கள் அவை. பின்னணியில் கடிகாரம் ஓடுகிறது, நாய் குரைக்கிறது, பாட்டோ அசையாமல் நிற்கிறது.

ஒரு மெட்டு தனித்து நிற்குமா என்று சோதிக்க நான் கையாளும் வழி எளியது. சொற்களை நீக்கிவிட்டு, மெட்டை மட்டும் இரண்டு முறை வாய்க்குள் முனகிப் பார்ப்பேன். இரண்டாம் முறை முனகும்போது என் மனமே பின்னால் ஒரு கிட்டாரைச் சேர்த்துக்கொள்ளுமானால், அந்த மெட்டு கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, நம்பிப் பிறந்தது, அதை ஒதுக்கிவிடுவேன். கார்டுகள் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய பழைய மெட்டுகள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு ஸ்வரங்களில் அமைந்தவையாகவும், நம் ஹரிகாம்போதி, கரகரப்பிரியா ஆகியவற்றின் ஸ்வரங்களை ஒத்தவையாகவும் இருக்கின்றன. அவற்றில் ஆதார ஷட்ஜம், யாரும் மீட்டாமலேயே காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். தம்புரா இல்லையே என்ற கவலை எனக்கு விட்டுப்போனது இந்த மெட்டுகளால்தான்.

'ஷி மூவ்டு த்ரூ த ஃபேர்' இதற்கு நல்ல சான்று. டோனிகால் மாவட்டத்தில் கிடைத்த பழைய மெட்டுக்குப் பாட்ரிக் கோலம் சொற்களை அமைக்க, ஹெர்பர்ட் ஹியூஸ் அதை 1909-இல் வெளியிட்டார். ஹரிகாம்போதி ஸ்வரங்களில் அமைந்த இந்த மெட்டில், கைசிகி நிஷாதத்தில் (தாழ்ந்த 'நி'யில்) குரல் ஊன்றி நிற்கும் இடத்தில் எந்தக் கார்டைச் சேர்த்தாலும் அந்த நிலையாமை கெட்டுவிடுகிறது. கதை இதுதான்: சந்தைக்கூட்டத்தின் ஊடே நடந்துபோன காதலி, நம் திருமணத்துக்கு இனி அதிக நாள் இல்லை என்று சொல்லிச் செல்கிறாள்; இறுதிக் கண்ணியில் இரவில் ஓசையில்லாமல் வந்து நின்று அதே சொற்களைச் சொல்கிறாள். இப்போது அந்தச் சொற்களுக்குப் பொருள் வேறு. அவள் இறந்துவிட்டாள் என்று வெளிப்படையாகச் சொல்லும் பாடபேதமும் உண்டு. சொல்லாமல் விடும் வடிவத்தையே நான் பாடுகிறேன், கேட்பவர் தாமே கண்டுகொள்ளும்போதுதான் அது உறைக்கிறது. இதில் ஒரு சட்டச் சிக்கலும் உள்ளது. கோலம் 1972-இல் காலமானவர். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை நீடிப்பதால், நாட்டுப்பாடல் என்று எல்லோரும் நினைக்கும் இதன் சொற்களுக்கு 2042 முடியும் வரை உரிமை இருக்கிறது. அரங்கில் பாடுவதை அரங்கின் உரிமமே பொதுவாகக் கவனித்துக்கொள்ளும்; பதிவு செய்து வெளியிட விரும்புபவர் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

பாட்டில் பேசுவது ஆண், பாடகியோ பெண் என்று தயங்க வேண்டியதில்லை. அந்த மரபில் ஆணின் கூற்றாக அமைந்த பாடலைப் பெண் ஒரு சொல்லும் மாற்றாமல் பாடுவார், ஆணும் அப்படியே. ஆனாலும், பெண்கூற்றாக அமைந்தவற்றில் ஒரு தனி வலு இருப்பதைப் பலமுறை உணர்ந்திருக்கிறேன். என் தேர்வில் எவ்விதத் தயக்கமும் இன்றி முதலிடம் பெறுவது 'அ வ்யன் ஊட் ஹீஸ்' என்று தொடங்கும் ஐரிஷ் தாலாட்டு. அயர்லாந்தின் வயல்களில் இன்றும் காணப்படும் வட்டமான மண்மேடுகளை, அவ்வூர்க் கதைகள் மோகினியரின் வாழிடமாகச் சொல்கின்றன. அப்படியொரு மேட்டுக்குள், அவர்களால் கவர்ந்து செல்லப்பட்ட ஒரு தாய், அவர்களுடைய குழந்தைக்குச் செவிலியாக உட்கார்ந்து தாலாட்டுப் பாடுகிறாள். கீழே ஓடைக்கரையில் ஒரு பெண் நிற்பது அவளுக்குத் தெரிகிறது. காவலில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் வராதபடி, 'ஷோஹீன் ஷோஹோ' என்ற தாலாட்டுச் சொற்களுக்கு நடுநடுவே அந்தப் பெண்ணிடம் செய்தி சொல்லி அனுப்புகிறாள். என்னைக் குதிரையிலிருந்து தூக்கிவந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. என் கணவனிடம் சொல், நாளை வரட்டும், உள்ளங்கையில் மெழுகுவர்த்தியும் மற்றொரு கையில் கறுப்புக் கைப்பிடிக் கத்தியும் இருக்கட்டும், இடைவெளியில் முதலாவதாக வரும் குதிரையை அவன் வெட்டட்டும், மேட்டின் வாயிலில் முளைத்திருக்கும் மூலிகையைப் பறிக்கட்டும். தவறினால் நான் இங்கேயே இவர்களுக்கு அரசியாக இருந்துவிட வேண்டியதுதான்.

கணவன் வந்தானா என்பதைப் பாட்டு சொல்வதில்லை. ஓடைக்கரைப் பெண்ணுக்குச் செய்தி விளங்கியதா என்பதும் தெரியாது. பாடகி செய்ய வேண்டியதெல்லாம், குழந்தை விழித்துவிடக் கூடாது, காவலர் சந்தேகப்படக் கூடாது என்ற இரண்டையும் மனத்தில் இருத்திப் பாடுவதுதான். குரலில் பதற்றத்தைக் காட்டினால் கதையே பொய்யாகிவிடும். உள்ளே இருப்பவர்கள் அதைக் கேட்டுவிடுவார்களே! தாலாட்டுச் சொற்களை மெதுவாகவும் சீராகவும், செய்தி வரிகளைச் சற்றே விரைவாக, ஏறக்குறைய உணர்ச்சியில்லாமலும் பாடினால், மொழி தெரியாதவர்கள்கூட ஏதோ சரியில்லை என்பதை உணர்ந்து நிமிர்ந்து உட்காருவார்கள். ஸ்தாயி எல்லையும் குறுகியது. புதிதாகத் தொடங்குபவருக்குக்கூடத் தொண்டை சிரமப்படாது. பாடும் முன் கதையை நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட வேண்டும், மண்மேட்டின் பெயரில் தொடங்கி, ஓடைக்கரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். செய்தி என்ன என்பதை முன்கூட்டியே அவிழ்த்துவிடக் கூடாது. அச்சிட்டுக் கொடுக்கும் தாளில் அது இருந்தால் போதும்.

இந்தத் தாலாட்டைப் பாடிப் பழகிய பிறகு என் தேர்வுமுறையே ஒரு கேள்வியைச் சுற்றி அமைந்துவிட்டது: பாட்டில் பேசுபவளுக்குத் தன் துயரத்தை அடக்கிக்கொள்ள வேண்டிய காரணம் ஏதேனும் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பாட்டு தனிக்குரலில் நிற்கும். அழுது தீர்த்துவிட்ட பாட்டில் கேட்பவருக்கு வேலை எதுவும் மிச்சமிருப்பதில்லை.

ஸ்காட்லாந்தின் 'கிரிகல் க்ரீ' அதே வகையைச் சேர்ந்தது. அதுவும் தாலாட்டாகவே பாடப்படுகிறது. 1570 ஏப்ரலில் தலை வெட்டிக் கொல்லப்பட்ட கிரிகோர் ராய் மக்கிரிகோருக்காக அவருடைய மனைவி மரியன் கேம்பல் இயற்றியதாக மரபு கூறுகிறது. கொன்றவர்கள் வேறு யாருமல்லர், அவளுடைய சொந்தக் குலத்தாரே. மடியில் கிடக்கும் கைக்குழந்தைக்கு அவள் சொல்வது: மற்றவர்களிடம் ஆப்பிள்கள் இருக்கின்றன, என்னுடைய மணமுள்ள ஆப்பிளோ பின்தலை மண்ணில் பதியக் கிடக்கிறது. ஊரார் மனைவியர் அமைதியாக உறங்க, நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரு கைகளையும் அடித்துக்கொண்டிருக்கிறேன். மெட்டு ஒரு தொட்டிலின் அசைவைவிட்டு விலகுவதே இல்லை.

இதே பாடலில், அப்போது என்னிடம் ஒரு கிண்ணம் இருந்திருந்தால் சிந்திய உன் குருதியை ஆசைதீரக் குடித்திருப்பேன் என்று ஒரு கண்ணி வருகிறது. ஸ்கால்பே தீவின் அன்னி கேம்பல், 1788-இல் கடலில் மூழ்கிய தன் காதலன் ஆலன் மாரிசனுக்காகப் பாடிய 'ஆலன் டுயின்' என்ற புலம்பலிலும் ஏறக்குறைய அதே விருப்பம் சொல்லப்படுகிறது. அயர்லாந்தில் 1773-இல் கொல்லப்பட்ட ஆர்ட் ஓ லியரிக்காக மனைவி ஐலீன் பாடிய ஒப்பாரியிலும் அது உண்டு. அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் பொதுவான கேலிக் மொழி ஒப்பாரி மரபின் பழைய பொதுக்கூறு அது. ஒவ்வொன்றும் தனியே கேட்கும்போது நடுங்க வைக்கும், ஆனால் ஒரே மாலையில் இரண்டாம் முறை வந்தால் கேட்பவர் மனம் அதைப் பழகிய உத்தியாக எடுத்துக்கொண்டுவிடும். எனவே, இவற்றில் ஒன்றை மட்டுமே ஒரு நிகழ்ச்சிக்கு வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் 'கிரிகல் க்ரீ'. 'ஆலன் டுயின்' இசைக்குழுக்களால் மிகவும் பரவலாகிவிட்டதால், கேட்பவர்கள் தாம் கேட்ட பதிவையே எதிர்பார்த்து உட்காருகிறார்கள் என்பது என் சொந்தக் கணிப்பு.

ஸ்காட்லாந்துப் பாடல்களைத் தேடும்போது அச்சில் எளிதாகக் கிடைப்பது மார்ஜரி கென்னடி ஃப்ரேசரின் தொகுப்பு; 1909-இல் வெளிவரத் தொடங்கியது. பியானோவுக்கும் வரவேற்பறைக் கச்சேரிக்கும் ஏற்றவாறு மெட்டுகளை அவர் மெருகேற்றியிருக்கிறார், ஆகவே தனிக்குரலுக்கு அதை நான் நாடுவதில்லை. மாறாக, தெற்கு யூயிஸ்ட் தீவில் தங்கி, பாடியவர்களின் வாயிலிருந்தே எழுதிக்கொண்ட மார்கரெட் ஃபே ஷாவின் 1955-ஆம் ஆண்டுத் தொகுப்பில் கிடைப்பவை அப்படியே பாடத்தக்கவை. நெய்த கம்பளித்துணியை மேசையில் அடித்து இறுக்கியபடி பெண்கள் கூடிப் பாடிய பாடல்களும் அதில் நிறைய உள்ளன. பின்பாட்டுக்கு ஆள் வேண்டியவை என்பதால் அவற்றைத் தனியாளாகப் பாடினால் வெறுமை தெரியும்.

வேல்ஸின் 'லீசா லான்' இறந்த காதலியிடம், என்னைக் கரிய மண்ணில் கிடத்த வழியனுப்ப வருவாயா என்று கேட்பது. இனிமையானது, பாடவும் எளிது. பிரிட்டனி மாநிலத்தின் 'க்வெர்ஸ்' என்னும் கதைப்பாடல்கள் தனிக்குரலுக்கே உரியவை என்றாலும் பல பத்துக் கண்ணிகள் நீளும், மொழியறியாத அவைக்கு முன்னால் அவற்றைக் குறைக்காமல் பாட முடியாது. கடல்நாய் மனிதனாக வந்து தன் பிள்ளையைக் கேட்கும் சூல் ஸ்கெரிப் பாடலைப் பலர் கெல்டிக் என்று பரிந்துரைக்கிறார்கள். அது நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவிய, வழிவந்த ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளுடையது. பரவலாகப் பாடப்படும் மெட்டும் 1954-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வாட்டர்ஸ் அமைத்தது. பாடலாம், ஆனால் பழம்பெரும் கேலிக் பாடல் என்று அறிமுகப்படுத்தக் கூடாது.

நீளமான பாடலைக் குறைப்பதும் தேர்வின் ஒரு பகுதியே. கைவிடப்பட்ட பெண் பாடும் 'டோனல் ஓக்' பாடலுக்கு ஊருக்கு ஊர் வெவ்வேறு கண்ணிகள் உண்டு. எல்லாவற்றையும் பாடினால் முறையீடாகிவிடும். மீன்தோலில் கையுறை, பறவைத்தோலில் காலணி என்று அவன் தந்த நடவாத வாக்குறுதிகளில் தொடங்கி, கிழக்கையும் மேற்கையும் நிலவையும் கதிரவனையும் என்னிடமிருந்து பறித்தாய், கடவுளையும் பறித்துவிட்டாயோ என்று அஞ்சுகிறேன் என்னும் கண்ணியில் முடித்தேன். நடுவில் மூன்று மட்டும். பரிசில் தொடங்கிப் பறிப்பில் முடிவதால், இடையில் விடுபட்டவற்றை யாரும் தேடவில்லை.

மொழி தெரியாமல் பாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில், நம் வாய்க்கு ஐரிஷ் அவ்வளவு அந்நியமானதன்று. அம்மொழியின் வல்லோசை 't' நம் 'த்' போலவே பல்லில் நா பட்டுப் பிறப்பதால், ஆங்கிலம் மட்டும் பேசுவோரைவிட நமக்கு அது சுலபம். ஆனால் ஒவ்வொரு மெய்க்கும் வல்லோசை, மெல்லோசை என இரு வடிவம் உண்டு, தொண்டையில் உரசிப் பிறக்கும் ஒலிகளும் உண்டு; தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தால் இவை காணாமற்போகும். ஆகவே, ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த ஒரே பாடகரின் பதிவை அடியடியாகக் கேட்டு, பிறகு அம்மொழி பேசும் ஒருவரிடம் பாடிக் காட்டித் திருத்திக்கொள்வதுதான் சரியான வழி. கானமாரா உச்சரிப்பையும் தென்பகுதியான மன்ஸ்டரின் உச்சரிப்பையும் ஒரே பாட்டில் கலந்தால் அவ்வூரார் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்குத் திருத்தம் சொன்ன மூத்த பாடகி ஒருவர், உச்சரிப்பைவிட என் கமகங்களைத்தான் அதிகம் குறைத்தார். கானமாரா பாணியில் நுண்ணிய அசைவுகள் நிறைய உண்டு, அவை சொல்லின் நடுவில் சட்டென்று வந்து மறையும். நாமோ ஸ்வரத்தையே பிடித்து அசைக்கப் பழகியவர்கள். "நீ வருந்துகிறாய் என்று எங்களுக்குச் சொல்லாதே, என்ன நடந்தது என்று மட்டும் சொல்" என்றார் அவர். குரலை ஏற்றி இறக்கி உணர்ச்சி காட்டுவதும், நீண்ட நடுக்கமும் அம்மரபில் இல்லாதவை.

சுருதி பற்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐரிஷ் மெட்டுகள் பலவற்றில் முதல் அடியும் நான்காம் அடியும் தாழ்ந்தும், இடையிலுள்ள இரண்டு அடிகள் மேலேறியும் அமையும். தொடக்கத்தில் வசதியாக இருக்கும் சுருதி மூன்றாம் அடியில் கழுத்தை நெரிக்கும். ஆகவே மூன்றாம் அடியைத்தான் முதலில் பாடிப் பார்த்து, அங்கிருந்து இறங்கி வந்து தொடக்க ஸ்வரத்தைக் குறித்துக்கொள்வேன். 440 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றைத் தட்டிக் காதோரம் வைத்தால், அவைக்குக் கேட்காமலே ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

தேவாலயத்தில் கல்சுவர் எதிரொலி இருந்ததால், சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி அடிகளுக்கிடையே வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி விட்டேன். மூன்று மரியாள்களின் புலம்பலான 'க்வீன்யா ந ட்ரீ முரா' அவ்விடத்துக்கென்றே அமைந்தது போன்றது, ஒவ்வோர் அடியின் பின்னும் வரும் 'ஓஹோன்' என்ற ஒப்பாரிச் சொல்லை எதிரொலியே நீட்டிக் கொடுத்தது. காரிப் ஏரியில் 1828-இல் படகு மூழ்கி இறந்தவர்களுக்காகக் கவிஞர் ராஃப்டரி பாடிய இரங்கற்பாவைக் கேட்டவர்களும் உண்டு. அந்த ஏரிக்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவையில் இருந்தார்கள். அதைப் பாடத் தகுதியுள்ளவர்கள் அவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பதால் நான் தொடவில்லை. சோகப் பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் மூன்றாவதிலேயே அவை மரத்துப்போகும். ஆகையால் நடுவில் வாயாலேயே நடனத் தாளம் போடும் ஸ்காட்டிஷ் துள்ளல் பாட்டு ஒன்றை வைத்தேன். சிரிப்பு எழுந்தது, அதன் பின்புதான் 'கிரிகல் க்ரீ'.

கடைசிப் பாட்டாக ஆங்கிலக் கண்ணிகளும் ஐரிஷ் பல்லவியும் கலந்த 'ஷூல் அ ரூன்' பாடுவது என் வழக்கமாகிவிட்டது. காதலன் அயல்நாட்டுப் படையில் சேரப் போனதைச் சொல்லும் பாட்டுதான் என்றாலும், அதன் பல்லவி அங்கே பலருக்கும் பாடம். அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தாமும் வாய்திறக்க ஓர் இடம் வேண்டும். இதற்காக என் வழக்கமான சுருதியிலிருந்து ஒரு கட்டை இறக்கியே தொடங்குவேன். எனக்குக் கீழே கொஞ்சம் கனக்கும், ஆனால் பயிற்சியில்லாத குரல்கள் மேலடிகளில் திணறாமல் கூடவே வர முடியும்.